வனாந்தரமும் மருதமடுவும்

ஆவணி பிறந்துவிட்டால் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பஸ் வண்டிகள் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஹெவ்லொக் டவுனில் நம் அயலவர் சிலரும் அரிசி, பாத்திரம், பாய், கூடாரச் சீலை ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு அவ்வண்டிகளில் ஏறுகின்றனர். அவர்கள் செல்வது மாடமாளிகைகள் நிறைந்த நகருக்கன்று. மன்னார் மாவட்டத்தின் உட்புறத்தே, வீரையும் பாலையும் முதிரையும் வளர்ந்த காட்டிடையே அமைந்த மடுத் திருப்பதிக்கு. ஆகஸ்ட் 15 ஆந் திகதித் திருவிழாவுக்கு முன் பல நாள் அவர்கள் மரநிழலிற் கூடாரமடித்து வாழ்வர். தமிழரும் சிங்களவரும் அருகருகே அடுப்பு மூட்டுவர். கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் வந்து தங்குவர். தலைநகரிற் கோயிலுக்குக் குறைவில்லை. கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயில் இருக்கின்றது. கொட்டாஞ்சேனையிற் புனித லூசியாள் பேராலயம் இருக்கின்றது. அவ்வாறிருந்தும், இறைவனைக் காணக் காட்டுக்குச் செல்லவேண்டுமென மக்கள் கருதுவது ஏன்?

நேர்த்திக்கடன் என்றும் பழக்கம் என்றும் கூறி இவ்வினாவை ஒதுக்கிவிடலாம். ஆயின் மக்கட் கூட்டம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவரும் ஒரு பழக்கத்துக்குள்ளே வரலாறு உறைந்து கிடக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. யூதர்களிடத்தும் கிறித்தவர்களிடத்தும் வனாந்தரம் என்ற கருத்து மூவாயிரம் ஆண்டளவான பயணத்தைக் கடந்து வந்துள்ளது. அப்பயணத்தின் ஒரு கிளை நம் வன்னிக் காட்டுக்குள்ளும் நுழைந்திருக்கின்றது. அதனைச் சமயப் பற்றாளரும் பற்றிலாரும் ஒருங்கே அறிந்துகொள்ளுதல் நன்று. எந்தச் சமயம் மேலானது என்று நிறுவுவது நம் நோக்கமன்று. எளிய மனிதர் எந்த நெருக்கடியில் எதனைப் புனிதமாகக் கண்டனர் என்பதே நம் ஆராய்ச்சி.

முதலிற் சொல்லைக் காண்போம். தமிழ் விவிலியத்தின் பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பில் ‘வனாந்தரம்’ என்ற சொல் வருகின்றது. வனத்தின் உட்பகுதி என்பது அதன் நேர்ப்பொருள். 1995 இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ அதே இடங்களிற் ‘பாலைநிலம்’ என்று எழுதுகின்றது. ஒன்று காட்டைச் சுட்டுகின்றது. மற்றொன்று வறண்ட மணலைச் சுட்டுகின்றது. மூலமாகிய எபிரேயச் சொல்லோ ‘மித்பார்’ என்பது. உழவு நடைபெறாத, ஊர் அமையாத, மேய்ச்சலுக்கு மந்தை ஓட்டிச் செல்லும் வெளியை அது குறித்தது. எனவே அங்கு முற்றாக வெறுமை இருந்ததில்லை. வேலி இல்லை, வரி தண்டுவோன் இல்லை, அரசனின் களஞ்சியம் இல்லை. யூதர்கள் தம் மறைநூலின் நான்காம் ஏட்டுக்கு வழங்கும் பெயரே ‘வனாந்தரத்தில்’ என்பதாகும். நாம் அதனை ‘எண்ணாகமம்’ என அறிவோம்.

தமிழ் மாணவனுக்கு இவ்விடத்தில் நம் திணைக்கோட்பாடு நினைவுக்கு வருதல் இயல்பு. தொல்காப்பியர் பாலைக்குத் தனியே நிலம் வகுத்துரைத்தாரல்லர். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையினால் தம் இயல்பு கெடும்போது பாலை தோன்றுகின்றது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதாவது பாலை என்பது நிலமன்று, நிலை. பிரிவும் பசியும் வழிப்பறியும் அங்கு நிகழ்கின்றன. நம் புலவர்கள் பாலையிற் கண்டது பிரிவின் துயரை. எபிரேயர் அதே வெறுவெளியிற் கண்டது இறைவனின் குரலை. ஆயினும் இரு மரபுகளுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. மனிதரை வீட்டினின்றும் ஊரினின்றும் பிரித்து வெளியே தள்ளும் ஒரு நிலைமையே வனாந்தரத்தை உண்டாக்குகின்றது.

யாத்திராகமத்தின் கதையை யாவரும் அறிவர். ஆயினும் அதன் தொடக்கத்தில் உள்ள ஒரு செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. எகிப்திலே செங்கல் அறுத்த அடிமைகளுக்காக மோசேயும் ஆரோனும் மன்னன்முன் நின்று கேட்ட முதற் கோரிக்கை நாட்டை விட்டு முற்றாக வெளியேறும் உரிமையன்று. வனாந்தரத்தில் மூன்று நாள் வழிதூரம் சென்று தம் கடவுளுக்கு விழா எடுக்க அனுமதியே அவர்கள் வேண்டியது. மன்னனின் மறுமொழி யாது? இவர்கள் சோம்பேறிகள், அதனாலேதான் வழிபாடு என்கின்றனர் என்றான். செங்கலுக்கு வேண்டிய வைக்கோலை இனிக் கொடுக்கவேண்டாம், அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும், ஆயினும் கல்லின் கணக்குக் குறையக்கூடாது என ஆணையிட்டான். ஓய்வு கேட்டவனுக்கு வேலைச்சுமை ஏறிற்று. தோட்டத் துரைமாரின் பேரேடுகளையும் ஆலை முதலாளிமாரின் கட்டளைகளையும் அறிந்த நமக்கு இம்மறுமொழி புதியதன்று. ஆகவே அந்தக் கதையில் வனாந்தரம் முதன்முதலிற் கிடைக்காத விடுமுறையாகவே தோற்றுகின்றது.

விடுதலை பெற்றுக் காட்டுவெளிக்கு வந்தோர் உடனே மகிழ்ந்து பாடிக்கொண்டிருக்கவில்லை. பசித்தது, முறுமுறுத்தனர். அடிமை நாட்டின் இறைச்சிப் பாத்திரங்களை நினைந்து ஏங்கினர். அப்பொழுதுதான் மன்னா என்ற உணவு காலைதோறும் தரையிற் படிந்ததாகக் கதை கூறுகின்றது. அதனைப் பொறுக்குவதற்கு ஒரு விதி இருந்தது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென ஒளித்து வைத்தது புழுத்து நாறிற்று. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம். ஏழாம் நாள் யாவர்க்கும் ஓய்வு. பதுக்கலைப் புழுவுக்கு இரையாக்கிய இக்கற்பனையை எந்தப் பொருளியல் அறிஞனும் வகுத்திலன். அரசனுடைய களஞ்சிய நகரங்களைத் தம் கையாற் கட்டிக் களைத்த ஒரு கூட்டத்தின் நெஞ்சிலிருந்து அது பிறந்தது.

இக்கதை நடந்தவாறே நடந்ததா? அத்துணைப் பெருங்கூட்டம் நாற்பதாண்டு சீனாய்ப் பகுதியில் அலைந்தமைக்கான தடயத்தை அகழ்வாராய்ச்சி காணவில்லை. மோசேயின் ஏடுகள் பல நூற்றாண்டுகளிற் சேர்ந்து உருவானவை என்றும், கி.மு. 586 அளவில் எருசலேம் அழிந்து மக்கள் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட காலத்தை ஒட்டியே அவை இறுதி வடிவம் பெற்றன என்றும் அறிஞர் பலர் கருதுவர். இதனால் கதையின் மதிப்புக் குன்றுவதில்லை, கூடுகின்றது. நாடும் கோயிலும் இழந்தவர், நாடும் கோயிலும் இல்லாதிருந்த ஒரு காலத்தைத் தம் இளமைக் காலமாக நினைந்தனர். கோயில் இல்லாதபோதும் கடவுள் உடன்வந்தார் என்ற எண்ணம் அகதிக்குத் தேவைப்பட்ட எண்ணம். இன்றும் யூதர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் கூடாரப் பெருவிழா கொண்டாடுகின்றனர். கல்வீடு உடையவனும் ஓலை வேய்ந்த பந்தலின்கீழ் அமர்ந்து உண்ணவேண்டும். கூரையினூடே வானம் தெரியவேண்டும். வீடற்றிருந்ததை வீடுள்ளவன் மறவாதிருக்க அமைத்த ஏற்பாடு அது. மடுக் கோயில் வளவிற் கூடாரமடிக்கும் நம் மக்கள் அவ்விழாவை அறியார். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததுமன்று. எனினும் ஒரேவகை அனுபவம் ஒரேவகை வழக்கத்தைப் படைத்தல் கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வனாந்தரத்திற் கடவுள் முதலிற் பேசியது அரசரோடன்று. ஆபிரகாமின் வீட்டு அடிமைப் பெண் ஆகார் எகிப்தியள். எசமானியின் கொடுமைக்கு அஞ்சி ஒருமுறை ஓடினாள். பின்னொருகால் மகனோடு துரத்தப்பட்டாள். துருத்தியில் நீர் தீர்ந்ததும் பிள்ளையைப் புதரடியிற் கிடத்தி, அவன் சாவதைக் காணமாட்டாது எட்ட அமர்ந்து அழுதாள். அவ்வழுகைக்கு விடையாக நீரூற்று ஒன்று காட்டப்பட்டது என்பது ஆதியாகமத்தின் கதை. தன்னைக் காண்கின்ற கடவுள் என அவள் இறைவனுக்கே பெயரிட்டாள். குலத்தந்தையர் பலர் நடமாடும் அந்நூலிற் கடவுளுக்குப் பெயர் சூட்டும் துணிவு ஓர் அடிமைப் பெண்ணுக்கு வாய்த்தது. பின்னர் இறைவாக்கினர் எலியா, அரசி ஏசபேலின் வாளுக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடினார். சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டினார். ஓரேபு மலையிற் காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்த பின்னர் எழுந்த மெல்லிய ஒலியில் அவர் அழைப்பைக் கேட்டார். அவ்வொலி அவரை மீண்டும் நாட்டு அரசியலுக்குள்ளேயே அனுப்பிற்று. ஓடி ஒளிந்தவனை மீண்டும் அனுப்பும் இடம் வனாந்தரம். இதனை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அதே வேளையில் அச்சமும் அதனோடு ஒட்டியிருந்தது. ஊரின் பாவத்தைச் சுமத்தி ஓர் ஆட்டை வனாந்தரத்திலே துரத்திவிடும் சடங்கு லேவியராகமத்திற் காணப்படுகின்றது. பேயும் நச்சரவும் வாழும் இடம் என்ற எண்ணமும் இருந்தது. இயேசு யோர்தான் நதியில் யோவானிடம் திருமுழுக்குப் பெற்றபின் நாற்பது நாள் வனாந்தரத்திற் சோதிக்கப்பட்டதாக நற்செய்திகள் உரைக்கின்றன. அச்சோதனைகள் மூன்று: கல்லை அப்பமாக்குதல், கோயில் உச்சியிலிருந்து குதித்து அற்புதம் காட்டுதல், உலகின் அரசுகளை யெல்லாம் பெறுதல். பொருளும் புகழும் ஆட்சியும் வேண்டா எனத் தேர்ந்த பின்னரே அவர் மக்களிடம் திரும்பினார். ஏறக்குறைய அதே காலத்திலே சாக்கடல் ஓரத்தில், கும்ரானில், எருசலேம் ஆலய அதிகாரத்தோடு முரண்பட்ட ஒரு யூதக் குழுவினர் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. 1947 முதல் அங்குள்ள குகைகளிற் கிடைத்த சுருள்கள் இவ்வாராய்ச்சிக்கு வழிகோலின.

கிறித்தவத் துறவின் தோற்றத்தைப் பேசும்போது ஒரு கிரேக்கச் சொல்லை நாம் நினைவுகொள்ளுதல் வேண்டும். ‘அனகோரேசிஸ்’ என்பது அது. விலகிச் செல்லுதல் என்பது பொருள். உரோமர் ஆண்ட எகிப்தில் இச்சொல்லை முதலில் வழங்கியோர் துறவியரல்லர், வரி அதிகாரிகள். தலைவரியும் கட்டாய ஊழியமும் தாங்காது ஊரைவிட்டு ஓடிய உழவனின் செயலே அனகோரேசிஸ் எனப்பட்டது. ஓடியவன் வரியை ஊரில் எஞ்சியவன் கட்டவேண்டியிருந்தது. அதனால் அவனும் ஓடினான். கி.பி. 104 இல் எகிப்தின் ஆளுநர், வெளியூர்களில் தங்கியிருப்போர் குடிக்கணக்கெடுப்பின்பொருட்டுத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பவேண்டுமென ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. பிற்காலத்தில் உலகைத் துறந்து பாலைவனம் புகுந்தோனின் செயலுக்கும் அதே சொல்லே பெயராயிற்று. கடன்பட்ட குடியானவன் ஓடிய வழித்தடத்திலேயே துறவியும் நடந்தான் எனலாம்.

அத்துறவியருட் புகழ்பெற்றவர் அந்தோனியார், கி.பி. 251 அளவிற் பிறந்து 356 இல் மறைந்தவர் என்பது மரபு. கொச்சிக்கடைக் கோயிலிலுள்ள பாதுவை அந்தோனியாரின் வேறானவர் இவர். பின்னவர் 13 ஆம் நூற்றாண்டினர். எகிப்திய உழவர் குடியிற் பிறந்த முன்னவர் தம் நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பாய் முடைந்தும் கூடை பின்னியும் தம் உணவைத் தாமே ஈட்டுதல் பாலைவனத் துறவியரின் வழக்கமாயிற்று. பக்கோமியூசு என்பவர் நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில், உழைப்பும் உணவும் பொதுவான கூட்டு மடங்களை நைல் நதிக்கரையில் நிறுவினார். கி.பி. 313 இன் பின் திருச்சபைக்கு அரச ஆதரவு கிடைத்தது. ஆயர்கள் அரண்மனைப் படிகளேறினர். அக்காலத்திலேயே பாலைவனத்துக்குச் செல்வோர் தொகை பெருகிற்று. சமயம் அதிகாரத்தோடு கைகோத்த நாளில், அச்சமயத்தின் மனச்சான்று காட்டுக்குப் போயிற்று என்று கூறுதல் பொருந்தும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மன்னார் மண் சமயத்தின் பெயராற் குருதி குடித்த மண். 1544 இல் மன்னாரிற் புதிதாகக் கிறித்தவரான ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். 1560 இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் பின்னர் யாழ்ப்பாண அரசையும் விழுங்கினர். சைவக் கோயில்களை இடித்தனர். 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். அவர்களும் கிறித்தவரே, ஆயினும் கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை என அதே ஆண்டிற் கட்டளையிட்டனர். இவ்வாறு சைவ மன்னனும் கத்தோலிக்கப் பறங்கியும் சீர்திருத்தச் சபை ஒல்லாந்தனும் தத்தம் வாய்ப்பு வந்தபோது ஒரே வேலையைச் செய்தனர். அடியுண்டவர் எப்பொழுதும் கரையோரத்துப் பரதவரும் உழவருமே. வணிகத் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் யானை வணிகத்தையும் கைப்பற்ற வந்த ஆட்சிகளுக்குக் குடிகளின் சமயம் விசுவாசத்தை அளக்கும் கோலாக இருந்தது.

மாந்தையிலே ஆரோக்கிய மாதாவின் சிறுகோயில் ஒன்று இருந்தது. 1670 இல் அங்கிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு வன்னிக்காட்டுக்குள் ஓடின என்பது திருப்பதி மரபு. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து தப்பியோடிய எழுநூறு அளவினரும் அங்கு அவர்களோடு சேர்ந்தனராம். அவர்கள் சென்றடைந்த இடம் மருதமடு. மருத மரமும் நீர்நிலையும் சேர்ந்த பெயர் அது. ஒல்லாந்தர் ஆணை செல்லாத, கண்டி அரசின் எல்லையை ஒட்டிய இடம். அக்காடு வெறுங்காடன்று. பழைய குளங்களின் அணைகள் அங்கே கிடந்தன, வன்னிமைகள் ஆண்டனர், வேட்டுவரும் சேனைப் பயிர் செய்வோரும் வாழ்ந்தனர். அகதிக்கு இடங்கொடுத்த காடு என்று நாம் சொல்லும்போது, இடங்கொடுத்த மனிதரை மறந்துவிடலாகாது.

கத்தோலிக்கருக்குப் புகலிடம் அளித்த பேரரசு பௌத்த அரசாகிய கண்டி அரசே. கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் 1687 இல் யாழ்ப்பாணத்துக்குக் கூலியாளாக மாறுவேடம் பூண்டு வந்தார். பின்னர்க் கண்டிக்குச் சென்று ஒற்றன் என்ற ஐயத்திற் சிறைப்பட்டார். ஆயினும் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் காலப்போக்கில் அவருக்குப் பணிசெய்யும் உரிமை வழங்கினான். அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை இன, மத பேதமின்றி அடிகளார் பேணினார். 1711 இல் அவர் கண்டியில் மறைந்தார். 2015 சனவரி 14 அன்று காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் சென்றார். கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகள் 1806 இல் நீக்கப்பட்டன. 1872 இல் ஆயர் பொஞ்சீன் இன்றைய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1924 யூலை 2 இல் திருவுருவத்துக்கு முடிசூட்டப்பட்டது. தலையில் முடி ஏறியபோதும் மக்கள் நினைவில் அவள் காட்டுக்கு ஓடிவந்த தாயே. அக்கோயில் மண் பாம்பு விடம் தீர்க்கும் என்ற நம்பிக்கையை மருத்துவம் ஏலாது. ஆயினும் பாம்பு நிறைந்த காட்டில் வெறுங்காலோடு படுத்துறங்கியவரின் அச்சத்தை அந்நம்பிக்கை இன்றும் நமக்குச் சொல்கின்றது.

அதே 1670 ஆம் ஆண்டிலே கடல்களுக்கு அப்பால் நடந்த ஒன்றையும் நாம் ஒப்புநோக்குதல் வேண்டும். வட அமெரிக்காவின் மசாசூசெற்சிற் சாமுவேல் டான்போர்த் என்ற புரிட்டன் போதகர், தம் மக்கள் இறைவனால் வனாந்தரத்துக்கு ஒரு பணியின்பொருட்டு அனுப்பப்பட்டவர் என்ற கருத்தை விரித்துப் பேருரை ஆற்றினார். அவரும் மோசேயையும் யோவானையும் எடுத்துக்காட்டினார். ஆனால் அவர் வனாந்தரம் என்ற நிலம் யாருடையது? அங்கு உழுதும் வேட்டையாடியும் வாழ்ந்த தொல்குடிகளுடையது. ஐந்தாண்டுகளில் அங்கு மூண்ட போர் அக்குடிகளைச் சிதைத்தது. ஒரே ஆண்டில், ஒரே மறைநூலை ஏந்தியவருள், மருதமடுவுக்கு ஓடியவன் வனாந்தரத்திற் புகலிடம் தேடினான். மசாசூசெற்சிற் குடியேறியவன் பிறர் வீட்டுக்கு வனாந்தரம் எனப் பெயரிட்டான். சொல் ஒன்றே, அதைச் சொல்பவனின் கையில் துப்பாக்கி உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

இப்பெயரிடும் உரிமையை ஆட்சியாளர் நம் நாட்டிலும் கையாண்டனர். கொட்டாஞ்சேனைக்கு அருகே ஒல்லாந்தர் 1757 இல் திறந்துவைத்த தேவாலயம் வொல்வெண்டால் எனப்படுகின்றது. ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது அச்சொல்லின் பொருள். இலங்கையில் ஓநாய் இல்லை; கோட்டைக்கு வெளியே ஊளையிட்ட நரிகளே ஐரோப்பியர் காதுக்கு ஓநாயாயின என்பர். பின்னர் ஆங்கிலேயர் இயற்றிய 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் குடியில்லா நிலமும் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. சேனை செய்த குடியானவனிடம் உறுதி ஏது? மேய்ச்சற் காட்டுக்குப் பத்திரம் ஏது? காடு முடிக்குரியதாகி, முடியிடமிருந்து கோப்பித் துரைமாரின் கைக்குச் சென்றது.

அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்தின் வறிய உழவுக் குடிகள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். நீரின்றியும் பேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். மறைநூலின் வனாந்தரத்தில் மேகம் வழிகாட்டிற்று. இவர்களுக்குக் கங்காணி வழிகாட்டினான். அங்கே மன்னா விழுந்தது. இங்கே வழிச்செலவு கடனாக எழுதப்பட்டது. அங்கே பயணத்தின் முடிவில் வாக்களிக்கப்பட்ட நிலம் இருந்தது. இங்கே லயன் அறை இருந்தது. அவர்தம் வழித்தோன்றல்களின் குடியுரிமையையும் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் பறித்தது. மடுக் காட்டின் ஓட்டத்தைக் கொண்டாடும் நாம், அதே வன்னியில் எலும்பாய்ச் சிதறிய இவர்களுக்கு ஓர் ஆலயமும் எழுப்பவில்லை.

யூதக் குடும்பத்திற் பிறந்து, சமய நம்பிக்கை அற்றவராய், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்த லெனாட் வுல்ப் 1913 இல் வெளியிட்ட ‘காட்டிலுள்ள கிராமம்’ என்ற நாவல் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அதிற் காடு தீயது. கடைசியிற் கிராமத்தையே விழுங்கிவிடுகின்றது. ஆயின் கிராமத்தார் அழிந்தது காட்டினாலா? சேனைக்கான அனுமதியைக் கையில் வைத்திருந்த ஊர்த்தலைவனும் கடன் கொடுத்தவனும் அவர்களை முதலில் விழுங்கினர். எஞ்சியதையே காடு உண்டது. முன்னோரின் வனாந்தரத்திற் கடவுள் பேசினார். வுல்பின் வனாந்தரத்திற் கடவுள் பேசவில்லை. ஆயினும் அடக்கப்பட்டவன் ஏன் காட்டின் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றான் என்ற கேள்வியை அந்நூலும் விடவில்லை.

மடுவின் கதை 1670 இல் முடியவில்லை. 1990 முதல் அத்திருப்பதி வளவு போரினால் விரட்டப்பட்ட பல்லாயிரம் பேரின் முகாமாயிற்று. ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் அங்கு உதவி நிலையம் நடத்திற்று. திருவிழாக் கூடாரம் நிலையான குடிசையாயிற்று. 1999 நவம்பர் 20 அன்று கோயில் வளவிலே வீழ்ந்த எறிகணைகளுக்குச் சுமார் 40 பேர் பலியாயினர். போரிட்ட இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. 2008 ஏப்ரலில் போர் கோயில் வாயிலுக்கு வந்தபோது, குருமார் திருவுருவத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். ஏறக்குறைய முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அடைக்கலம் தந்தவளே மீண்டும் அகதியானாள். அவ்வாண்டு ஆகஸ்டில் அவள் திரும்பினாள். மக்கள் அத்துணை எளிதில் திரும்பவில்லை. 2009 இல் வன்னியிலிருந்து வெளிவந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர், செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். மெனிக் பாம் 2012 இலேயே மூடப்பட்டது.

மன்னாரின் இன்னொரு வெளியேற்றத்தையும் நேர்மையுடன் குறிப்பிடல் வேண்டும். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய ஊர்கள் வெறுமையாயின. இருபதாண்டு ஆளில்லாது கிடந்த நிலத்திற் காடு வளர்ந்தது. மக்கள் மீளத் தொடங்கிய காலத்தில், 2012 இல், அப்பகுதி நிலம் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வில்பத்துவின் அயற்காடு அழிக்கப்படுகின்றது என்ற குரல் தெற்கில் எழுந்தது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அங்கு நடந்த காடழிப்பைச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. வெப்பம் ஏறிவரும் இவ்வுலகில் மரம் வெட்டுவதை நாம் இலேசாகக் கருதமாட்டோம். ஆயினும், மனிதரைத் துரத்தியதனால் வளர்ந்த காட்டைக் காட்டி, இங்கு மனிதர் இருந்ததில்லை என்று கூறுவது வரலாறாகாது. வெறுமை இயற்கையாக வந்ததா, வெறுமையாக்கப்பட்டதா என்பதை முதலிற் கேட்டல் வேண்டும்.

முற்போக்காளர் சிலர் இவ்விடத்து ஒரு தடை எழுப்பக்கூடும்: வனாந்தரம் என்பது போராட்டத்தை விட்டு ஓடும் மனப்பான்மையன்றோ? இத்தடையில் உண்மை இல்லாமலில்லை. பாலைவனத் துறவியர் பாய் முடைந்தனர். எகிப்தின் வரியோ குறையவில்லை. மருதமடுவில் மக்கள் செபித்தனர். ஒல்லாந்தக் கும்பனியோ அசையவில்லை. இன்னும் கொடியது, வனாந்தரம் கடந்தோர் தாமே அரசமைத்தபோது நடந்தது. சாலொமோன் ஆலயம் கட்ட இஸ்ரவேலரிடமே கட்டாய ஊழியம் கொண்டான். அவன் மகன் ரெகொபெயாம் சுமையைக் குறைக்க மறுத்தான். நாடு இரண்டாகப் பிளந்தது. செங்கல் சுமந்தவனின் பேரன் சவுக்கு எடுத்தான். வனாந்தரத்தைக் கடந்தவர் யாவரும் நல்லவராகிவிடுவர் என்பதற்கு வரலாற்றிற் சான்றில்லை.

ஆயினும் அந்த அரசரைக் கண்டித்தவர்க்கு ஆயுதமாக உதவியது வனாந்தர நினைவே. இறைவாக்கினர் ஓசியாவும் ஆமோசும் தந்த மாளிகையும் ஏழையின் பசியும் நிறைந்த தலைநகரை நோக்கி, நாம் கூடாரத்தில் வாழ்ந்த காலத்தை மறந்தீரோ என்ற பொருள்படப் பேசினர். அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாயிருந்தாய் என்ற கருத்து மோசேயின் சட்டத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றது. அகதியாயிருந்த நினைவை மற்றொரு அகதிக்கான கடமையாக மாற்றுவதே அம்மரபின் உயர்ந்த பகுதி. அந்நினைவைச் சொந்த உரிமைப் பத்திரமாக மட்டும் பயன்படுத்தும்போது அது மசாசூசெற்சுப் போதகரின் வனாந்தரமாகிவிடுகின்றது.

வகுப்பறையில் மாணவர் நம்மிடம் கேட்பதுண்டு: கடவுள் ஏன் நகரத்திற் பேசாமற் காட்டிற் பேசினார்? நாம் அதற்குச் சமய விடை கூறவேண்டியதில்லை. கடவுளைத் தேடியோரை நகரம் எவ்வாறு நடத்திற்று என்று முதலிற் பாருங்கள் எனக் கூறலாம். ஆகாரைத் துரத்தியது வீடு. செங்கல் அறுத்தோரை வருத்தியது களஞ்சிய நகரம். உழவனை விரட்டியது வரிப்பேரேடு. மாந்தைக் குடும்பங்களைக் காட்டுக்கு அனுப்பியது கும்பனியின் கட்டளை. அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தவை நீரும் நிழலும் அச்சமற்ற ஓர் இரவும். அவை கிடைத்த இடத்தை அவர்கள் புனிதம் என்றனர். அதிற் பிழை காண நாம் யார்?

ஆகவே மடுவை வணங்குவோர் வணங்கட்டும். வணங்காதோர் அதன் வரலாற்றைக் கற்கட்டும். ஆனால் இருதிறத்தாரும் மன்னாவின் அளவையை மறவாதிருத்தல் வேண்டும். ஆளுக்கு ஓர் ஓமர் என்ற அவ்விதி காட்டிலே எழுதப்பட்டது. நாட்டிலே நிறைவேற்றப்பட வேண்டியது. வன்னிக்கு மீண்டவனுக்குக் காணி உறுதியும், திருத்திய குளமும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வேண்டும். முஸ்லிமாயினும் தமிழராயினும் தோட்டத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய மலையகத்தாராயினும் அவ்வளவை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அது கிடைக்கும்வரை வன்னியின் வனாந்தரம் முடிந்ததென்று எவரும் கூறவேண்டாம்.